அரைப்பங்குக் கோல்கீப்பர்

கூனித்துறையின் கரைமடி வலையில் ஒரு நாட்டின் கால்பந்து அணி முழுசாக வந்து மாட்டிய அன்று காற்று தெற்கிலிருந்து அடித்தது, நீரோட்டம் வடக்கே போனது, சாளை மீனை வாங்க நாதியில்லை, சம்மாட்டி சவேரி மோத்தாவுக்கு முதல்நாள் தின்ற பலாக்கொட்டையால் வயிறு சரியில்லை. இதையெல்லாம் ஊரில் இன்றைக்கும் வரிசை பிசகாமல் சொல்லுவார்கள். அணி எப்படி வலைக்குள் வந்தது என்று கேட்டால் மட்டும், "கடல்லா" என்று கையை விரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

சம்மாட்டி என்றால் வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர். வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டுவிட்டு வந்தால், அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்கும், வடக்குக் கயிற்றில் பாதிப் பேர், தெற்குக் கயிற்றில் பாதிப் பேர். தெற்குக் கயிற்றின் கடைசி ஆள் அமலோற்பவம். அந்த இடம் முதலில் அவள் புருஷனுடையது. அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கே வேறொருத்தியின் குசினியில் சாப்பிடப் பழகிவிட்டார், அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்த வாரமே அமலோற்பவம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் விட்ட கயிற்றைப் பிடித்தாள். கயிறு ஆள் மாறியதைக் கண்டுகொள்ளவில்லை, ஊர் கண்டுகொண்டது. கயிற்றில் ஆம்பளை நின்றால் முழுப்பங்கு, பொம்பளை நின்றால் அரைப்பங்கு என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டாலும் "கடல்லா" என்றுதான் சொல்லுவார்கள்.

அன்றைக்கு வலை கனத்தது. கொடுவாய் மீன் கூட்டமாக மாட்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் வாயூறியது. வலையின் மடி கரையேறியதும் பார்த்தால், மஞ்சள் பனியனும் பச்சைக் கால்சட்டையுமாகப் பதினொரு ஆட்டக்காரர்களும், ஒரு மாற்றுக் கோல்கீப்பரும், கழுத்தில் விசில் தொங்கும் ஒரு பயிற்சியாளரும் கால்மேல் கால் பின்னிக்கொண்டு கிடந்தார்கள். ஒருத்தர் குனிந்து பக்கத்தில் கிடந்தவனின் காதைப் புரட்டிச் செவுள் இருக்கிறதா என்று பார்த்தார். ஏலக்காரர் சிலுவைராயனுக்கோ மணலில் எது வந்து விழுந்தாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும், அவர் பாட்டுக்கு ஏலத்தைத் தொடங்கிவிட்டார். ஐஸ் வண்டியோடு வந்திருந்த வியாபாரிகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், ஒருவனின் தொடையைத் தட்டிப் பார்த்தார்கள், "இது ஐஸ்ல தாங்காது அண்ணாச்சி" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

விலை போகாத மீனை ஊருக்குள்ளேயே பங்கு வைத்துக்கொள்வது கூனித்துறை வழக்கம். ஆகவே பங்கு வைத்தார்கள். வலைக்கும் வள்ளத்துக்குமாகப் பாதி என்பதால் கோல் போடுகிறவர்களும் முதல் கோல்கீப்பரும் சம்மாட்டி வீட்டுக்குப் போனார்கள். அணித்தலைவன் மாதா கோயிலுக்கு. மற்றவர்கள் வடக்குக் கயிற்று வீடுகளுக்கும் தெற்குக் கயிற்று வீடுகளுக்கும். பயிற்சியாளரைச் சிலுவைராயனுக்கு விட்டார்கள், இரண்டு பேரும் நாள் முழுக்கக் கத்துகிறவர்கள், பொருத்தமாக இருக்கும் என்று. கடைசியில் மணலில் உட்கார்ந்து காதிலிருந்து பாசியை எடுத்துக்கொண்டிருந்த மாற்றுக் கோல்கீப்பர் மட்டும் மிஞ்சினான். பனைமரத்துக்குப் பாதி உயரம் இருந்தான்.

"அமலி, இவன நீ கூட்டிட்டுப் போ," என்றார் சம்மாட்டி. "இவன் ஆடுறதில்லயாம், சும்மா ஓரமா ஒக்காந்துதான் இருப்பானாம். அரைப்பங்குக்குச் சரியா இருக்கும்."

"சம்மாட்டியாரே, நான் அரைக் கயித்தையா இழுத்தேன்?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

 எல்லோருக்கும் திடீரென்று அவரவர் பங்கைத் துவட்டிவிடும் வேலை வந்துவிட்டது.

அவர்கள் சாந்தா லுவேசா என்ற தீவு நாட்டுக்காரர்கள் என்பதும், உலகக் கோப்பை ஆடப் போன இடத்தில் பயிற்சி முடிந்து ஓட்டலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயடியிலிருந்து நேரே இங்கே வந்துவிட்டார்கள் என்பதும், பயிற்சியாளர் அழுதுகொண்டே மணலில் வரைந்த படங்களிலிருந்து தெரியவந்தது. ஆனால் ஊரை அசத்தியது அதுவல்ல. பேரைக் கேட்டபோது ஒருவன் பெர்னாந்து என்றான், ஒருவன் ரோச் என்றான், அரைப்பங்கு ஆள் தன் பேர் ஜெரோனிமு மிராந்தா என்றான். கூனித்துறையில் பாதிப் பேர் பெர்னாந்து, மீதிப் பேர் ரோச்சும் மிராந்தாவும் மோத்தாவும். "அட, நம்ம புள்ளைங்க! எந்த மிராந்தா? கெழக்குத் தெரு மிராந்தாவா?" என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அமலோற்பவம் பிறந்த வீடு மிராந்தா வீடு. பாசி ஒட்டிய அந்த நெடுமரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா தம்பி" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பாஷைக்கும் கஷ்டமில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்து இறங்கிய போர்த்துகீசியச் சொற்கள் அந்தக் கடற்கரையில் இன்னும் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. ஜெரோனிமு மேசையைத் தொட்டு மேசை என்றான், அலமாரியை அலமாரி என்றான், சன்னல், சாவி, துவாலை, குசினி, அன்னாசி என்று வீடு முழுக்கப் பேர் சொல்லிக்கொண்டு வந்தான். அமலோற்பவம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு "குசினி" என்றபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கொஞ்சம் காலமாகியிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு எப்படிப் போவது என்ற கேள்வி வந்தபோது சம்மாட்டி யோசிக்கவேயில்லை. "வந்த வழியாவே போகட்டும்," என்றார். கோயில் மணி அடித்தது, ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தார்கள், சாந்தா லுவேசா அணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வரிசையாகக் கடலுக்குள் நடந்தது. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறி, கடைசியாக ஜெரோனிமுவின் தலையும், அதற்குமேல் அவன் தூக்கிப் பிடித்திருந்த சோற்றுப் பொட்டலமும் முங்கின. ஊர் திரும்பிக் கோயில் மண்டபத்துக்கு ஓடி டிவியைப் போட்டால், ஏதோ ஒரு பெரிய தேசத்தின் மைதானத்துக்குள் அணி சொட்டச் சொட்ட நனைந்து வந்துகொண்டிருந்தது, ஒருவன் காலுறைக்குள்ளிருந்து நண்டை எடுத்து வெளியே விட்டான். வர்ணனைக்காரர்கள் அங்கே மழை பெய்ததாகச் சொன்னார்கள்.

முதல் ஆட்டத்தில் கோலே விழவில்லை. வடக்குக் கயிற்று வீட்டில் சாப்பிட்டவன் தெற்குக் கயிற்று வீட்டில் சாப்பிட்டவனுக்குப் பந்தைத் தர மாட்டேன் என்றான். வலை உலர்த்தும் இடத்துக்காக இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது, அந்தக் கோபம் குழம்பு வழியாக உள்ளே போயிருந்தது. சம்மாட்டி வீட்டு ஆட்கள் முன்னால் போய் நின்று கையைக் கையை ஆட்டினார்கள், ஒரு பந்தும் வரவில்லை. சலித்துப்போன சம்மாட்டி எழுந்து கடற்கரைக்குப் போய், ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவதற்காகத் தயாராக விட்டு வைத்திருந்த கரைமடியின் கயிற்றை நேரமாகிறதே என்று ஒரு சுண்டு சுண்டினார். டிவியில் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் மல்லாக்க விழுந்து, ஒரே திசையில், வாசல்வரை வழுக்கிக்கொண்டு போனார்கள். வழுக்குகிற புல் என்றார்கள் வர்ணனைக்காரர்கள். கூனித்துறைக்கு விஷயம் புரிந்தது. விசில் ஊதும்வரை கயிற்றை யாரும் தொடக்கூடாது என்று கோயில் சாமியார் பூசையில் வைத்தே அறிவித்தார். வடக்கு வீடுகளின் குழம்பு தெற்குக்கும், தெற்கு வீடுகளின் குழம்பு வடக்குக்கும் போகவேண்டும் என்றும் அறிவித்தார். ஊர் முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆட்டத்திலிருந்து பந்து வீடு பார்க்காமல் போனது.

அதற்கப்புறம் அவர்களைப் பிடிக்க ஆளில்லை. காலையில் கடலுக்குள் போனார்கள், ஆடினார்கள், ஜெயித்தார்கள், விசில் ஊதியதும் ஊர் கரைமடியை இழுத்தது, பசியோடு வந்து விழுந்தார்கள், அவரவர் பங்குக்காரர் அவரவரைத் துவட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கருவாட்டு வாசனை தாங்காமல் எதிரணிகள் ஒதுங்கி வழிவிட்டதும் ஒரு காரணம் என்று பொறாமைக்காரர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அணித்தலைவன் கோயில் பங்கு என்பதால் காலை மணி அடிக்கப் பழகினான். பயிற்சியாளர் ஏலம் விடப் பழகினார், சாளைக்குக் கொஞ்சம் நல்ல விலைகூட வந்தது.

ஜெரோனிமு மட்டும் அமலோற்பவத்தின் துவாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிவியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான், அதனால்தான் அவனை உட்காரவைத்திருந்தார்கள். ஆட்டமில்லாத நாட்களில் கயிற்றில் அவளுக்குப் பின்னால் நின்று இழுத்தான், மற்ற நேரம் அவள் காயப்போட்ட கருவாட்டுக்குக் காவல் இருந்தான். கூனித்துறைக் காக்கைகளோ ஊரறிந்த திருட்டுக் காக்கைகள். அவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு நெத்திலி போய்விடும், அமலோற்பவத்தின் வசவு வந்துவிடும். வசவின் அர்த்தம் புரியாவிட்டாலும் நீளம் புரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மூடுவது நின்றது. இடமும் வலமும் பாய்ந்து காக்கையை மடக்குகிறவனை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது.

"கயித்துல இப்பம் ரெண்டு பேரு நிக்கோம். இப்பமும் அரைதானா?" என்று ஒருநாள் அவள் சம்மாட்டியிடம் கேட்டாள்.

"அவனே ஒனக்குக் கிடைச்ச பங்குலா," என்றார் அவர். "பங்கு எப்படிம்மா பங்கு வாங்கும்?"

 அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அரைக்கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு, முழுக்கூடை சுமந்து போகிறவர்களின் பின்னால் சந்தைக்கு நடக்கும்போது, கனம் குறைவாக இருப்பதுதான் அவளுக்கு எப்போதும் வலித்தது.

இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் சம்மாட்டி வீட்டில் முதல் கோல்கீப்பர், மீன் கழுவத் தெரியும் என்று பெருமை காட்டப்போய்க் கெளுத்தி முள்ளைக் கையில் ஏற்றிக்கொண்டான். கை பலூனாக வீங்கிவிட்டது.  சம்மாட்டி நேரே அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு ஒன் ஆளுதான் ஆடணும். ஆடுற கோல்கீப்பருன்னா அது முழுப்பங்கு. ஒனக்கோ முழுப்பங்கு கெடையாது. அதனால இவன என்கிட்ட தந்துரு, கை வீங்குனவன நீ வச்சுக்கோ."

அமலோற்பவம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "அவன் முழுசாயிட்டான்னா, அவன வச்சிருக்க நானும் முழுசுதான?"

"அதெப்படி? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

விஷயம் கோயில் முற்றத்துக்குப் போனது. ஊர் கூடியது. சாமியார் இரண்டு பக்கமும் கேட்டார், தாடையைத் தடவினார். அமலோற்பவம் எழுந்து நின்றாள். "சரி சாமி. எனக்கு அரைப்பங்குன்னே இருக்கட்டும். ஆட்டமும் ரெண்டு பாதிதான? முதல் பாதி அவன் சம்மாட்டியாருக்கு. இடைவேளைக்கு அப்புறம் எனக்கு. என் பாதியில நான் சொல்லுறதத்தான் அவன் கேப்பான்."

கணக்கு நேராக இருந்தது. யாராலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. சம்மாட்டி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மறுநாள் காலை கடலுக்குள் இறங்குவதற்கு முன்னால் அமலோற்பவம் ஜெரோனிமுவை ஓரமாகக் கூப்பிட்டு, மணலில் கோடு போட்டு, உட்கார்ந்து எழுந்து காட்டி, கயிற்றைச் சுண்டுவதுபோலக் கையை இழுத்து, மேசை குசினி என்று தனக்கும் அவனுக்கும் பொதுவான எல்லாச் சொல்லையும் போட்டு நீளமாகப் பேசினாள். அவன் துவாலையைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு தலையாட்டினான். அவள் என்ன சொன்னாள் என்பது ஊருக்கு இடைவேளைக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் பாதியில் ஜெரோனிமு காக்கை விரட்டுவதுபோல விரட்டினான். ஒரு பந்தும் அவனைத் தாண்டவில்லை. சம்மாட்டி வீட்டுச் சாப்பாட்டு ஆட்கள் மூன்று கோல் போட்டார்கள், மண்டபத்தின் ஓடு அதிர்ந்தது, சம்மாட்டி எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

இடைவேளை முடிந்தது. ஜெரோனிமு நடந்துவந்து, கோல் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தான். காதில் விரலை விட்டுப் பாசி எடுக்கத் தொடங்கினான்.

எதிரணிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று பந்தை வைத்துக்கொண்டு தூரத்திலேயே சுற்றினார்கள். பிறகு ஒருவன் துணிந்து மெதுவாக உருட்டிவிட்டான். பந்து ஜெரோனிமுவின் காலடியைக் கடந்து உள்ளே போனது. அவன் அதைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தான்.  கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் போனது.

ஊர் முழுக்க அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தது. அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.  பாவம், உலகமே பார்க்க அந்தப் பிள்ளையைக் கோமாளியாக உட்காரவைத்துவிட்டோமே, எல்லாம் என் பிடிவாதத்தால்தானே என்று அழுகை முட்டியது. எழுந்து கடற்கரைக்கு ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் இன்றைக்கு ஓடினால் இனி சாகும்வரை அரைக்கூடைதான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏ அமலி!" என்று சம்மாட்டி கத்தினார். "அவன எந்திரிக்கச் சொல்லு!"

"கயித்தச் சுண்டினாத்தான் எந்திரிப்பான். நான் அரைப்பங்குக்காரி, அரைச் சுண்டுதான் சுண்டுவேன். அவனும் அரைவாசிதான் எந்திரிப்பான், பரவால்லயா?"

ஆட்டம் முடியப்போகிற நேரம், டிவியில் எதிரணி மறுபடி பந்தை எடுத்துக்கொண்டு வந்தது. சம்மாட்டி சாமியாரைப் பார்த்தார், சாமியார் கூரையைப் பார்த்தார். வடக்குக் கயிற்றிலிருந்து ஒரு குரல், "குடுத்துத் தொலையுமே வே!" என்றது. தெற்குக் கயிறும் கூடச் சேர்ந்து கத்தியது. அந்த இரண்டு கயிறும் ஒரே பேச்சுப் பேசியது அன்றைக்குத்தான்.

"சரி! முழுப்பங்கு!"

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்!"

"எனக்கு மட்டும்னா நான் எந்திரிக்க மாட்டேன். கயித்துல நிக்கிற எல்லாப் பொம்பளைக்கும். சாமி முன்னால சொல்லுங்க."

"எல்லாப் பொம்பளைக்கும் முழுப்பங்கு! சாமி சாட்சி! போளா, ஓடு!"

அமலோற்பவம் ஓடினாள். செருப்பு ஒருபக்கம், முந்தானை ஒருபக்கம், மணல் வாரித் தெறிக்க ஓடிப்போய்த் தெற்குக் கயிற்றின் தன் இடத்தைப் பிடித்து, அரைப்பங்கு வாங்கிய அத்தனை வருஷத்தையும் சேர்த்து வைத்து, உடம்பையே பின்னால் சாய்த்து ஒரே சுண்டு சுண்டினாள். பிறகு அப்படியே நின்றாள். கடலைத் தவிர எதுவும் தெரியவில்லை. மண்டபத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது, அது சந்தோஷமா ஒப்பாரியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை, ஊர் ஓடிவந்து அவளைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். பந்து வலது மூலைக்குப் பறந்துகொண்டிருந்தது, ஜெரோனிமு இடது கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தான். சுண்டிய சுண்டில் அணி முழுக்கக் குப்புற விழுந்து வழுக்கியது, ஜெரோனிமு மட்டும் எழுந்த வேகத்தில் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குக் காற்றில் போனான், போகிற வழியில் கண்ணை அகலத் திறந்துகொண்டு, காக்கையின் வாயிலிருந்து நெத்திலியைப் பிடுங்குவதுபோலப் பந்தைப் பிடுங்கிக்கொண்டான். கடைசி விசில் ஊதியது. சாந்தா லுவேசா மூன்றுக்கு இரண்டில் கோப்பையை வாங்கியது. கயிறு சுண்டியது நியாயமா என்று ஒருவர் சாமியாரிடம் கேட்டதற்கு, கடற்காற்று எதையும் செய்யும் என்று சொல்லிவிட்டு அவர் மணி அடிக்கப் போய்விட்டார்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஜெரோனிமுவின் முன்னால் யாரோ மைக்கை நீட்டினார்கள். அவன் துவாலையை உயர்த்தி ஆட்டி, உலகத்துக்கே கேட்கும்படி, "மேசை! சாவி! குசினி! அன்னாசி!" என்று கத்தினான். வர்ணனைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூனித்துறை விம்மி விம்மி அழுதது.

பிறகு டிவியில் அவர்களை அவர்கள் நாட்டுச் சிறப்பு விமானத்தில் ஏற்றுவதைக் காட்டினார்கள். இனி வலைக்கு வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கை வீங்கிய கோல்கீப்பர் இன்னும் சம்மாட்டி வீட்டுக் குசினியில்தான் இருந்தான், அவனுக்கும் மீன் வேண்டும், விட்ட வலையையும் இழுத்துத்தானே ஆகவேண்டும். இழுத்தார்கள். மடியில் வெறும் சாளை, கொஞ்சம் கூனி இறால், நடுவில் ஒரு மூட்டை. அது அமலோற்பவத்தின் துவாலை. அவிழ்த்தால் உள்ளே ஒரு அன்னாசிப்பழம், நல்ல பழுத்தது.

சம்மாட்டி பங்கு வைத்தார். அமலோற்பவத்தின் கூடைக்கு வந்தபோது பழக்கதோஷத்தில் பாதியில் அவர் கை நின்றது.  அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்து, மறுபாதியையும் அள்ளிப் போட்டு, அன்னாசியை உச்சியில் வைத்தார்.

அவள் துவாலையைச் சும்மாடு சுற்றிக் கூடையைத் தலையில் ஏற்றினாள். கழுத்து நொடித்தது. "எம்மாடி, என்னா கனம் கனக்குது, எப்படித்தான் தூக்கிட்டு நடக்காளுகளோ, கழுத்தே ஒடிஞ்சிரும்போல இருக்கே" என்று கூனித்துறையின் எல்லாத் தெருவுக்கும் கேட்கும்படி குறை சொல்லிக்கொண்டே, சந்தைக்குப் போகக் குறுக்குவழி ஒன்று இருந்தும், சுற்றுவழியாகவே நடந்தாள்.